சாமிக்கு வளர்த்த முடி

மலேசியாவில் இறங்கிய அன்றே என் பாவாவைச் சாமியார் என்று நினைத்துவிட்டார்கள். நினைத்ததில் தப்பில்லை. தோளில் புரளும் முடி, நெஞ்சைத் தொடும் தாடி, இடுப்பில் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, முதுகில் ஆளையே பின்னால் இழுக்கும் பெரிய பை. அந்தப் பைக்குள் இருந்ததும் லுங்கிதான். என் பைக்குள்ளும் அதேதான்.

பாவா என்றால் என் அக்கா கஸ்தூரியின் கணவர். திருத்தணியைத் தாண்டினால் ஆந்திரா என்பதால் எங்கள் பக்கம் அப்பா நைனா, அக்கா புருஷன் பாவா. பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு ஓடும் தறிகளில் லுங்கி எடுத்து வெளியூர்க் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். ஒரு தடவை மாமல்லபுரம் போனவர், அங்கே கடற்கரையில் வெள்ளைக்காரிகள் நம் லுங்கியைச் சுற்றிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அக்கா முதலில் வேறு மாதிரி நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர் நினைப்பெல்லாம் மலேசியாவின் தீவுகளிலும் அங்கே முதுகில் பையோடு வந்து குவிகிற வெள்ளைக்காரர்களிடமும் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும் என்று என்னையும் கிளப்பிக்கொண்டு போனார்.

முடி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு தணிகை மலை ஏறி, குழந்தை நல்லபடியாகப் பிறந்து கைக்கு வந்தால் அவர் முடியை உனக்குத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அன்றிலிருந்து பாவா தலையில் கத்தி படவில்லை, கவுச்சியும் நிறுத்திவிட்டார். வேண்டிக்கொண்டது அக்கா, வளர்க்கிற வேலை மட்டும் அவருடையது. ஒரு முடிகூட வேறெங்கும் இறங்கக் கூடாது, மலையில்தான் இறங்க வேண்டும் என்பதில் அவர் அக்காவைவிட கெட்டி. சீப்பில் வருகிற முடியைக்கூட மடித்து வைத்துக்கொள்வார்.

நாங்கள் கிளம்பும்போது அக்காவுக்கு ஏழாம் மாசம். கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பாவாவுக்குப் போக மனசில்லை. அக்காதான் விரட்டினாள்.

"இங்க குந்திகினு என் வயித்தையே பாத்துகினு இருந்தீங்கன்னா கொழந்தைக்கே கூச்சமா பூடும். போய்ட்டு வாங்க" என்றாள்.

பினாங்கில் முதல் காலை. எங்கள் ஊர் பரோட்டாவின் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒன்றைக் காற்றில் வீசி வீசி மெல்லிசாக்கிப் பருப்புக் குழம்போடு தந்தார்கள். டீயை ஒரு முழத்துக்கு மேலே தூக்கி ஆற்றினார்கள். இதில் மட்டும் நம்மூரை யாராலும் அசைக்க முடியாது என்று நான் நினைத்திருந்த விஷயம் அது, கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பக்கத்து மேசையில் வாழையிலைப் பொட்டலத்தில் தேங்காய்ப்பால் சோறு. பாவா அதற்கு ஆசைப்பட்டு வாங்கி, மேலே தூவியிருந்த நெத்திலிக் கருவாட்டைப் பார்த்ததும் முகம் வாடி, பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்து வந்த நாட்களில் நான் இரட்டைச் சாப்பாடு சாப்பிட்டேன்.

பழைய தெருவில் ஒரு துணிக்கடை. தொப்பி வைத்த மலாய்ப் பெரியவர் எங்கள் லுங்கியை வெளிச்சத்தில் பிடித்தார், ஓரத்தை விரலால் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அப்புறம் மகனிடம் ஏதோ சொன்னார். மகன் இங்கிலீஷில் எங்களுக்குச் சொன்னதன் சாரம் இது: "அப்பா இதைத்தான் சின்ன வயதிலிருந்து கட்டுகிறார். இதன் பெயர் பெலிகாட். உங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்து வந்த பெயர் என்கிறார்."

எங்கள் பக்கத்துப் பழவேற்காடுதான் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகியிருக்கிறது! கடல் தாண்டி இங்கே வந்து, துணியாகி, ஒரு பெரியவர் இடுப்பில் இருக்கிறது. பாவா கடையை விட்டு வெளியே வந்து நடுத்தெருவில் நின்றார்.

"சேகரு, நமக்கு முன்னாடியே நம்ம ஊரு இங்க வந்து குந்திகினு இருக்குதுடா."

அன்று முழுக்க அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் லங்காவித் தீவுக்குப் படகு. நடுக்கடலில் என்ஜின் இருமிவிட்டு நின்றது. சத்தம் அடங்கியதும் கடல் சட்டென்று பெரிதாகிவிட்டது. தூரத்தில் பச்சை மலைகள் தண்ணீரில் வேரில்லாமல் மிதந்தன. நாங்கள் நகர்கிறோமா அவை நகர்கின்றனவா என்று தெரியவில்லை. வெயில், உப்புக்காற்று, பலகையில் தண்ணீர் மெதுவாகத் தட்டுகிற ஓசை. நான் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பாவாவோ பையைத் தலைக்கு வைத்து, முடியை முகத்தில் வழியவிட்டு, நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு மலாய் அம்மாள் அவரையே பார்த்தபடி தன் மகளிடம் என்னவோ சொன்னாள். எனக்குப் பக்கத்தில் இருந்த பினாங்குத் தமிழர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "சாமியாரே தூங்குகிறார், அப்படியென்றால் நாம் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் அந்த அம்மா."

கொஞ்ச நேரத்தில் என்ஜின் கிளம்பியது. அந்த அம்மாள் பாவாவுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்து, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள். அவரும் விழித்த வேகத்தில் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்துவிட்டார்.

லங்காவியை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த கடல் மெரினா. அங்கே கடலுக்கு ஒரு குரல் உண்டு, பொட்டிக்கடை, சுண்டல், குதிரை எல்லாம் உண்டு. இங்கே கடல் பேசவே இல்லை. கரையில் பச்சை, தள்ளி நீலம், இன்னும் தள்ளிப்போனால் வானமா தண்ணீரா என்று பிரிக்க முடியாத ஒரு வெளுப்பு. மணலில் படுத்தால் உடம்பு எடை போய்விட்டது. நாட்கள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. காலையில் பலாப்பழ வறுவல், மதியம் மழை, மாலையில் மணலெல்லாம் ஈரமாகி அதில் வானம் தெரிந்தது. நான் லுங்கி வியாபாரத்துக்கு வந்தவன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பாவாவுக்கு மறக்கவில்லை. அவரைச் சுற்றி எப்போதும் நாலு வெள்ளைக்காரர்கள். அவர்களும் தாடி, அவர்களும் முதுகுப்பை, அவரை யாரும் அந்நியராகவே பார்க்கவில்லை. ஒரு ஜெர்மன்காரப் பெண் அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீங்கள் எதைத் தேடி இப்படி அலைகிறீர்கள் என்று பயபக்தியோடு கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"எதையும் தேடலன்னு சொல்லு. வீட்ல ஏழு மாசம்னு சொல்லு."

சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடற்கரையில் கேட்ட தத்துவங்களிலேயே இதுதான் நேரடியானது என்றாளாம் தோழியிடம். இருவரும் ஆளுக்கொரு லுங்கி வாங்கினார்கள். கட்டத் தெரியாமல் நடக்கும்போது அவிழ்ந்து விழுந்தது. பாவா தூரத்தில் நின்று தன் இடுப்பிலேயே முடிச்சைப் போட்டுப் போட்டுக் காட்டினார். அன்று சாயங்காலம் கரை முழுக்க அந்த முடிச்சைப் பழகிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரச் சீனர் எட்டிப் பார்த்தார், சரக்கு அனுப்பச் சொல்லிக் கைகுலுக்கினார்.

வீட்டில் போன் கிடையாது. கண்டிகையில் முனிரத்தினம் டீக்கடைக்கு அடித்தால் அவர் ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிடுவார், கொஞ்சம் பொறுத்து மறுபடி அடிக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் கார்டு போட்டுப் பேசுகிற போன் இருந்தது. பாவா ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார்.

"ஒதைக்குதா?"

"ஆங், ஒதைக்குது ஒதைக்குது. உங்கள மாதிரிதான். சாப்டீங்களா?"

இதுதான் பேச்சு. ஆனால் இதைப் பேசிவிட்டுத்தான் அவரால் கடலைப் பார்க்க முடிந்தது.

தீவிலிருந்து காட்டுக்குப் போனோம். தாமான் நெகாரா என்று அந்தக் காட்டுக்குப் பெயர். அங்கே லுங்கி வாங்க யாரும் இல்லை, அது என் ஆசைக்காக. ஒல்லியான நீளப் படகில் ஆற்றோடு மேலே போக வேண்டும். எங்கள் நந்தியாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்த நாட்கள் குறைவு. இங்கே டீ நிறத்தில் ஒரு ஆறு, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீருக்குள் குனிந்திருந்தன. எருமைகள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தன. பெரிய அலகு வைத்த இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்தபோது அதன் இறக்கைச் சத்தம் யாரோ முறத்தால் வீசுகிற மாதிரி கேட்டது. பாவா கையைத் தண்ணீரில் அளையவிட்டபடி, இந்த ஆற்றில் கால்வாசியை நைனா கழனிக்குத் திருப்பிவிட்டால் எத்தனை லாரி கரும்பு மில்லுக்குப் போகும் என்று சொன்னார். 

காட்டுக்குள் பகலிலும் பச்சை இருட்டு. மழை மேலே பெய்தது, நம்மேல் விழ நேரமாயிற்று. மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றுப் பாலத்தில் நின்றபோது கீழே தரை தெரியவில்லை, மேலே வானம் தெரியவில்லை. நடுவில் ஏதோ ஒரு இடத்தில், ஏதோ ஒரு வயதில் ஆடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் காலெல்லாம் அட்டை.

அந்த மயக்கத்தில் இருந்தபோதுதான் அது நடந்தது. படகுத்துறையின் மரப்படிகள் மழையில் ஊறிப் பாசி பிடித்திருந்தன. பாவா முதுகுப்பையோடு இறங்கினார். கால் வழுக்கியது. பின்மண்டை படியின் விளிம்பில் அடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உடனே எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுல்ல, ஒண்ணுல்ல" என்றார். முடிக்குள்ளிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஊரில் மருத்துவமனை. படகிலும் வேனிலுமாக, லுங்கியை மடித்துத் தலையில் அழுத்திப் பிடித்தபடி கொண்டுபோனேன். அங்கே தமிழ் நர்ஸ் ஒருத்தி இருந்தாள், புஷ்பா என்று பெயர். அவளைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, காயம் ஆழம், தைக்க வேண்டும், சுற்றிலும் முடியை மழிக்க வேண்டும் என்றார். புஷ்பா அதைத் தமிழில், அந்த ஊர் வழக்கப்படி நடுநடுவே ஒரு 'லா' போட்டுச் சொன்னாள். பாவா எழுந்து நின்றுவிட்டார்.

"முடிய தொடக் கூடாதுங்க. சாமி முடி."

"அண்ணே, நானும் சாமி கும்பிடறவதான் லா. இந்தக் காட்டுத் தண்ணி பட்ட காயம். அப்படியே விட்டா சீழ் புடிச்சிக்கும், ஜுரம் வந்திடும். தைக்கற எடத்துல மட்டும்தான் எடுப்பேன்."

"வேணாங்க. கட்டு மட்டும் போட்டு வுடுங்க. ஊருக்குப் போயி பாத்துக்கிறேன்."

நான் கெஞ்சினேன், கோபித்தேன், நைனா பெயரைச் சொல்லி மிரட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ரெண்டு வாட்டி போச்சுடா. இந்த வாட்டிதான் ஏழு மாசம் வரைக்கும் வந்துகினு இருக்குது. என் தல வலிக்குதுன்னு இதுல கத்தி வெச்சி, அங்க ஏதாவது ஆச்சுன்னா நான் உங்க அக்கா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

 அந்தப் பயம் முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் எனக்கும் அது இருந்தது.

வாசலில் கார்டு போன் இருந்தது. டீக்கடைக்கு அடித்தேன். முனிரத்தினம், "இருங்க, கூட்டியாறேன். அவங்க மொள்ளமாத்தான் நடந்து வருவாங்க" என்றார். நாங்கள் இருவரும் போனருகே நின்றோம். பாவா தலையில் துணியை அழுத்தியபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். துணி மறுபடி நனைந்துகொண்டிருந்தது. மறுபடி அடித்தபோது அக்கா மூச்சு வாங்க எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். பின்னால் கண்டிகை பஸ் ஹாரன் அடித்தது.

"போன அவரு கைல குடு."

அக்காவின் குரலுக்குப் போன் தேவையே இல்லை. எனக்கும் கேட்டது.

"ஏங்க, வேண்டிகினது யாரு?"

"நீதான்."

"அப்போ உங்களுக்கு இன்னா பேச்சு? முடி போனா சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். தல போனா எனக்கு யாரு பதில் சொல்றது? போயி அந்த அம்மா முன்னாடி குந்துங்க."

"கஸ்தூரி, கொழந்த..."

"கொழந்த இங்க ஒதச்சிகினு இருக்குது. அதுக்கு அப்பன் தலையோட வந்தா போதும்."

கார்டு தீர்ந்தது.

பாவா உள்ளே போய் உட்கார்ந்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். பையிலிருந்து பிரிக்காத புது லுங்கி ஒன்றை எடுத்துத் தோளிலும் மடியிலும் விரித்துக்கொண்டார், முடி தரையில் விழக் கூடாது. புஷ்பா ஒரு கொத்துக்கூடச் சிதறாமல் மழித்து, ரத்தம் தோய்ந்ததையும் சேர்த்து மடியிலேயே வைத்தாள். தையல் போடும்போது அவர் முனகவில்லை. முடியைப் பார்த்துத்தான் அழுதார். அந்த லுங்கியின் மூலையைக் கிழித்து, முடியை அதில் வைத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கோலாலம்பூருக்கு வந்தோம். பின்மண்டையில் மொட்டையும் சுற்றிலும் நீள முடியுமாக அவரைப் பார்த்து, தலையைப் பாதி மழித்து மீதிக்குச் சிவப்புச் சாயம் பூசிய ஒரு பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். இரட்டைக் கோபுரம் மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. எனக்கு எல்லாமே வாய் பிளக்க வைத்தது. பாவா எதையும் பார்க்கவில்லை. எங்கே போன் கண்டாலும் நின்றார். டீக்கடை நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. காலையில் அடித்தோம், மதியம் அடித்தோம், மறுநாளும் அடித்தோம். விமானத்தில் ஏறும் வரை யாரும் எடுக்கவில்லை. அவர் கை இடுப்பு முடிச்சின் மேலேயே இருந்தது. மேகங்களுக்கு மேலே பறந்தபோது அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "எடுத்திருக்கக் கூடாதோ?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருத்தணி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் கண்டிகை. டீக்கடை பூட்டியிருந்தது. பாவா ஓடும் ஆட்டோவிலிருந்தே குதித்துவிட்டார். நான் சுமைகளோடு போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பாவா எதிரே மூச்சிரைக்க நின்றிருந்தார்.

"முனிரத்தினம் மாமியார் வூட்டு கல்யாணத்துக்குப் பூட்டாரு. கடைய தொறந்தாத்தானே போன எடுக்க முடியும்? எங்க, திரும்புங்க பாக்கலாம்." திரும்பினார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மொட்டை வட்டத்தை உள்ளங்கையால் மூடினாள். கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஆள் முகம் தெரிந்து தாவத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் எல்லோரும் மலை ஏறினோம். முடி இறக்கும் கொட்டகையில் பாவா உட்கார்ந்தார். முடி இறக்குகிறவர் தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்துவிட்டு, "இன்னாங்க, இங்க மட்டும் குட்டையா கீது?" என்றார்.

பாவா லுங்கித் துணி முடிச்சை எடுத்து நீட்டினார். "மலேசியாவுல கொஞ்சம் எறக்க வேண்டியதா பூடுச்சுங்க. இதுவும் சாமிதுதான்."

"சாமிக்குன்னு ஆனப்புறம் எங்க எறக்கினா இன்னா? போடுங்க" என்று அவர் அதை வாங்கி மற்ற முடியோடு சேர்த்தார். பாவாவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அத்தனை மாதமும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் எழுந்தார். அவர் எழுந்த இடத்தில் அக்கா உட்கார்ந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னலை அவிழ்த்தாள். எங்கள் தெருவில் அக்காவுக்கு அடையாளமே அந்த முடிதான், அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டும்.

"இன்னா பண்ற கஸ்தூரி?" என்றார் பாவா. "வேண்டிகினது என் முடிய மட்டும்தானே?"

"அன்னிக்கி போன்ல சொன்னேன் இல்ல, சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்னு? சும்மா வாயாலயா சொல்றது?"

போனை வைத்த கையோடு டீக்கடை வாசலிலேயே முடிவு செய்துவிட்டாளாம். இத்தனை மாதமும் எவரிடமும் மூச்சு விடவில்லை. பாவா தோளிலிருந்த லுங்கியை எடுத்து அவள் மடியில் விரித்தார். முடி அதில் விழுந்துகொண்டே இருந்தது.

அக்கா எழுந்து சந்தனம் பூசிக்கொண்டு குழந்தைக்குக் கை நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்தது, அப்பனைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது. யாரென்று தெரியவில்லை. உதடு பிதுங்கி, அழ ஆரம்பித்து, என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"ஆங், நான்தான்டி" என்றாள் அக்கா.

குரலைக் கேட்டதும் குழந்தை என் சட்டையை விட்டுவிட்டு அவளிடம் தாவியது.